பதினொன்று பதின்மூன்றுக்குப் புரிந்தது

நான் தலையாட்டினேனா இல்லையா என்பதில் எனக்கு இன்றுவரை உறுதியில்லை. ஆட்டினாய் என்கிறார் அத்தான். தானும் பார்த்ததாக அக்கா சொல்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது என் நினைவு. அது வேறொரு நாளின் நினைவாகவும் இருக்கலாம். அந்த வாரத்தில் நடந்த மற்ற எல்லாவற்றுக்கும் நாள், மணி, நிமிடம், நொடி என்று பதிவு இருக்கிறது. கையெழுத்திட்டு, பூட்டி, வேறொரு நகரத்தில் குளிரூட்டிய அறை ஒன்றில் ஏழு வருடத்துக்குப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். என் தலை மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை.

எங்கள் அலுவலகம் முன்பு ஒரே கூடமாக இருந்தது. குழாய் போடுவது, மீட்டர் பார்ப்பது, எரிவாயு விற்பது எல்லாம் ஒரே நிறுவனம். பிறகு சந்தையைத் திறந்துவிட்டார்கள். குழாய் ஒருவரிடம்தான் இருக்கும், விற்பவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், வாங்குகிறவர் பிடித்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றது சட்டம். நல்ல சட்டம்தான். குழாய்க்காரர்கள் தங்கள் பழைய கூட்டாளிகளுக்கு மட்டும் வாடிக்கையாளர் விவரங்களைக் காதில் ஓதிவிடக் கூடாது, அதனால் இரண்டு பக்கமும் எது சொல்வதானாலும் பாதுகாப்பான தகவல் வலை வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதுவும் நியாயம்தான். நியாயத்தை நிறைவேற்ற ஒரு தச்சரை வரவழைத்தார்கள்.

தச்சர் கூடத்தின் நடுவே ப்ளைவுட் தடுப்பு அடித்தார். பெயர்ப் பட்டியலில் ஒற்றைப்படை எண்ணில் இருந்தவர்கள் குழாய்ப் பக்கம், இரட்டைப்படை விற்பனைப் பக்கம். நான் பதினேழு. அக்கா பதினெட்டு. பிரித்த பிறகு என் மேசையும் அவள் மேசையும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன, நடுவில் அரை அங்குலப் பலகை. ஒரு ஜன்னல் சரிபாதியாக வெட்டுப்பட்டு எங்களுக்கு இடது கதவும் அவர்களுக்கு வலது கதவும் வந்தன.

பலகை வாங்கியதில் கணக்குத் தவறியதால் தடுப்பு கூரைவரை போகவில்லை. ஓரடி குறைந்தது. அந்த இடைவெளிக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. அதன் இறக்கைகள் எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் மாறி மாறிப் போய்வந்தன. எந்த அதிகாரியும் அவற்றைத் தடுத்ததில்லை. ஆனால் சுவிட்ச் அந்தப் பக்கம் இருந்தது. விசிறியைப் போடச் சொல்லிக் குரல் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தகவல் பாதுகாப்பு அதிகாரி இரண்டு வாரம் யோசித்துவிட்டு, காற்று வாடிக்கையாளர் விவரத்தில் சேராது, எனவே கொடுக்கலாம் என்று எழுத்தில் தீர்ப்பளித்தார். தன் மேசை இழுப்பறைக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்ததால் அவரைப் பூட்டு என்போம். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். சாவிகள் இருந்தன.

ஆக, அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பேசினால் கேட்காது. அப்படித்தான் விதி. கேட்காத மாதிரி இருப்பது எங்கள் வேலையில் பாதி. எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. பேச்சு குறைந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

அக்கா எனக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டுமென்றால், சாவி அட்டையைக் கணினியில் செருகுவாள். செய்தி கையெழுத்தாகி, பூட்டப்பட்டு, அந்தக் குளிரூட்டிய அறைக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, திரும்பி வந்து என் திரையில் விழும். அவள் விரலுக்கும் என் கண்ணுக்கும் ஐந்தடி. செய்தி போன தூரம் எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

வந்த ஒவ்வொரு செய்திக்கும் மூன்று பதில் போக வேண்டும். கிடைத்தது. திறந்தது. புரிந்தது. முதல் இரண்டையும் இயந்திரமே அனுப்பிவிடும். மூன்றாவதை மனிதர்தான் அனுப்ப வேண்டும், அதுவும் நாற்பது நிமிடத்துக்குள். புரிந்துகொள்வது மனிதரால் மட்டுமே ஆகும் என்று விதி எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள். சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் ஆளுக்கொரு கட்டம். நேரத்தில் புரிந்தால் பச்சை, தாமதமாகப் புரிந்தால் சிவப்பு.

ஒரு நாளைக்கு எனக்கு எண்ணூறு செய்தி வரும். எண்ணூறைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் அனுப்பினால் கட்டம் மாலைக்குள் தக்காளியாகிவிடும். முதல் மாதமே ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து முதலில் 'புரிந்தது' அனுப்பிவிடுவேன். பிறகு, பிற்பகலில், நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்வேன். அந்த முறையால் ஒன்றரை வருடம் யாருக்கும் கெடுதல் வரவில்லை. மற்றவர்களும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் பக்கம் முழுக்கப் பச்சை. மேலாளர் பக்கத்து நகரங்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, வயலைக் காட்டுகிற மாதிரி அந்தப் பலகையைக் காட்டுவார். காலையில் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் என் பாதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குக் கிடைத்தது. அதற்காகத்தான் அதைச் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அத்தான் சலவைக்கூடம் வைத்திருந்தார். பாய்லரும் ட்ரையரும் எரிவாயுவில் ஓடும். தொழிற்சாலைச் சீருடைகளைத் துவைத்துத் துவைத்து எண்ணெய்ப் பிசுக்கோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டியவருக்கு அந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் மேற்பார்வையாளர் அம்மா நேரில் வந்து, தண்ணீர் எவ்வளவு கொதிக்கிறது, விரிப்பு எவ்வளவு நேரத்தில் உலர்கிறது என்று பார்ப்பார். பிடித்துப்போனால் இரண்டு வருடத்துக்கு வேலை. அத்தான் அதற்காகத் தரையைத் தானே உட்கார்ந்து தேய்த்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அவர் சவரம் செய்துகொள்ளாத நாளே அந்த மாதத்தில் இல்லை.

சலவைக்கூடத்துக்கு அடுத்த கடை ஓர் அச்சகம். அச்சகக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போனார். இணைப்பை மூடச் சொல்லித் தன் விற்பனை நிறுவனத்துக்கு எழுதினார். இரண்டு கடை மீட்டரும் நடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எண் இருபது இலக்கம். மனிதர் கண்ணாடி போடாமல் பக்கத்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அச்சுப்பிழை பார்த்தவர்.

அந்தக் கோரிக்கை முறைப்படி எங்களுக்கு வந்தது. வியாழன் காலை ஒன்பது மணிக்கு மூடுவது என்று இயந்திரம் நாள் குறித்தது. சலவைக்கூடத்துக்கு எரிவாயு விற்பது அக்காவின் நிறுவனம் என்பதால் அங்கே ஓர் அறிவிப்பு போனது. செவ்வாய்க்கிழமை காலை அக்கா தன் திரையில் தன் வீட்டுக்காரரின் எண்ணைப் பார்த்தாள். பதினொன்று பத்துக்கு ஆட்சேபம் அனுப்பினாள். இது தவறான எண், வாடிக்கையாளர் காலி செய்யவில்லை, மூடும் உத்தரவை ரத்து செய்யவும். எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். என் அக்கா எதையும் சரியாகத்தான் எழுதுவாள்.

பதினொன்று பதின்மூன்றுக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகளோடு சேர்த்து, அதையும் புரிந்துகொண்டேன்.

மதியம் நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். படி கட்டட உரிமையாளருடையது, இரண்டு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை.

"இன்னைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு அனுப்பினேன்" என்றாள் அக்கா.

"அக்கா, பேசக் கூடாது."

"பேசலைடா. அனுப்பினேன்னு சொன்னேன். மூணே நிமிஷத்துல புரிஞ்சுதுன்னு பதில் வந்துச்சு. யாரோ நல்ல பிள்ளை உக்காந்திருக்கான் போல."

நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி குடி. நல்ல பிள்ளைக்கு விக்கப் போகுது" என்றாள்.

பிற்பகல் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிற்பகல் பூட்டு எங்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்தார். தலைப்பு, கசியும் காதுகள். புதன்கிழமை வெளியிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார். அவர் கூடத்தில் இருக்கும்வரை யாரும் எந்த வாடிக்கையாளர் செய்தியையும் திறந்து வைத்திருக்கக் கூடாது. திறந்து வைத்திருந்தால் அவர் பார்த்துவிடுவார். அவர் பார்க்க வந்தது, நாங்கள் எதையும் திறந்து வைத்திருக்கிறோமா என்பதை. மாலைவரை பூட்டிய திரைகளுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். எனக்கு மிகவும் பிடித்த வேலைநாட்களில் அது ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலையில்தான் தலை விவகாரம்.

நான் அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது அத்தான் வாசலில் நின்றிருந்தார்.

"மாப்ள, நாளைக்கு கேஸ் நிக்காதுல்ல?"

"அத்தான், ஆபீஸ் விஷயம் நான் பேசக் கூடாது."

"மூடச் சொல்லித் தப்பா ஏதோ வந்திருக்குன்னு உங்க அக்கா சொன்னா. அனுப்பிட்டேன், பதில் வந்துடுச்சுங்கறா. அதுக்கு மேல கேட்டா உதட்டை மடிச்சுக்கறா. ரெண்டு ஊமைங்களோட குடித்தனம் பண்ணிட்டிருக்கேன்."

"பதில் வந்துடுச்சுன்னா வந்துடுச்சுதான் அத்தான்."

"அது எனக்குப் புரியுது. நிக்குமா நிக்காதா?"

நான் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினேன்.

"சரி, வாயைத் திறக்க வேணாம். தலையை ஆட்டு. தெரிஞ்ச ஆள்கிட்ட எண்ணெய் பாய்லர் ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்குக் கேட்டா தருவான். பிரச்சினை இல்லேன்னா தலையை ஆட்டு, நான் அவனைக் கூப்பிடலை. ஆட்டலேன்னா இப்பவே கூப்பிடறேன். உன் வேலைக்கும் கெடுதல் இல்ல, என் வேலைக்கும் கெடுதல் இல்ல."

ஆட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பொய் சொல்ல நினைத்து அல்ல. 'புரிந்தது' என்று நானே அனுப்பியிருந்தேன். அதை எத்தனை முறை அனுப்பியிருப்பேன், மூன்று லட்சம் முறை இருக்குமா, அத்தனை முறை சொன்னதை ஒரு கட்டத்தில் சொன்னவனே நம்ப ஆரம்பித்துவிடுகிறான். அல்லது கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேனோ என்னவோ. அத்தான் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். எண்ணெய் பாய்லர்க்காரரைக் கூப்பிடவில்லை.

அலுவலகம் போனதும் அந்தச் செய்தியை மட்டும் தேடிப் பார்த்திருக்கலாமே என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. வரிசையில் வராத செய்தியைத் தேடிப் பிடித்துப் பார்த்தால் அது பதிவாகும். சொந்தக்காரருடையது என்றால் விசாரணை வரும். அதனால் பார்க்கவில்லை. என்றைக்குமே விதியை மீறாதவன் நான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் குழாய்ப் பணியாளர் ஒருவர் கைக்கருவியோடு சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிறார். உள்ளே அறுநூறு விரிப்புகள் நனைந்து கிடக்கின்றன, பாய்லர் சீறிக்கொண்டிருக்கிறது. காலியான கடை என்று திரையில் இருக்கிறது. அவர் திரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "நான் என்னண்ணே பண்றது, இதுல ஆளில்லேன்னு போட்டிருக்கே" என்றாராம். அத்தான், "அப்ப நான் யாரு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கருவியில் இடமில்லை. வால்வை மூடி முத்திரை வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கதையில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒன்பது இருபதுக்கு அந்தப் பக்கம் அக்காவின் தொலைபேசி அடித்தது. அவள் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் போய் விழுகிற சத்தம்.

"டேய்."

கூடத்தின் இரண்டு பக்கமும் தட்டச்சு நின்றது.

"டேய், புரிஞ்சுதுன்னு அனுப்பினியேடா. என்ன புரிஞ்சுது உனக்கு?"

குரல் தடுப்புக்கு மேலாக, விசிறிக்கு அடியில், துண்டு துண்டாக வந்து விழுந்தது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விதிப்படி கேட்காமல் இருந்தார்கள். நான் அந்தச் செய்தியைத் திறந்தேன். அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். நான்கு வரி. மிகத் தெளிவாக எழுதியிருந்தாள்.

"சரி, அதை விடு. அந்தம்மா பத்து மணிக்கு வராங்க. அவசரக் கட்டம் ஒண்ணு இருக்குல்ல உன்கிட்ட? அதைப் போடு. ஆளு இன்னும் அந்தத் தெருவுலதான் இருப்பான். வந்து திறந்துட்டுப் போகட்டும்."

அப்படி ஒரு கட்டம் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்று பெயர். அதில் ஒரு குறி போட்டால் இருபது நிமிடத்துக்குள் யாராவது போய்த் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறு இணைப்புக்கு மூன்று வேலைநாள். திங்கட்கிழமை ஆகிவிடும்.

"ஒரே ஒரு கட்டம்டா தம்பி."

சுட்டியை அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். ஈர விரிப்பால் யாருக்கும் உயிராபத்து இல்லை. போட்டால் அது பொய். தினமும் எண்ணூறு பொய்யை நாலைந்து சொடுக்கில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த விரல் அது. அந்த ஒன்றுக்கு மட்டும் அதற்கு மனச்சாட்சி வந்துவிட்டது. ஒன்பது இருபத்தாறிலிருந்து ஒன்பது நாற்பத்தொன்றுவரை சுட்டி அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது என்று பதிவு சொல்கிறது. அக்கா மறுபடி கூப்பிடவில்லை. அவ்வளவு நீளமான அமைதி அந்தக் கூடத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. எனக்கு அமைதி பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பூட்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"யாரு கத்தினது? வாடிக்கையாளர் விவரம் குரல்வழியா தடுப்பைத் தாண்டியிருக்கு."

"சார், ஒரு கடையில கேஸைத் தப்பா மூடிட்டாங்க" என்றேன்.

"அது இருக்கட்டும். எத்தனை வார்த்தை தாண்டிச்சு? தோராயமா சொல்லுங்க."

பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அம்மா வந்து, ஆறிக்கொண்டிருந்த பாய்லரையும் ஈரமாகக் கிடந்த அறுநூறு விரிப்புகளையும் பார்த்தார். அத்தான் நடந்ததைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க நோயாளிங்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுங்க?" என்று கேட்டாராம். கோபமில்லாமல்தான் கேட்டார் என்கிறார் அத்தான்.

விசாரணை ஒரு வாரம் நடந்தது. மேலாளர், பூட்டு, குளிரூட்டிய அறையிலிருந்து வந்த ஒரு பொறியாளர்.

"செய்தி போய்ச் சேர்ந்துச்சா?" என்று பொறியாளரிடம் கேட்டார் மேலாளர்.

"சேர்ந்துச்சு. மூணு நொடி."

"வழியில யாராவது பிரிச்சுப் பார்த்தாங்களா?"

"இல்ல சார். பிரிக்கவே முடியாது."

வந்து சேர்ந்த பிறகாவது யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று அவர்கள் கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதானே பாதுகாப்பு. அந்தக் கணக்கில் அக்காவின் நான்கு வரி, அந்த வலையில் போன செய்திகளிலேயே மிகப் பாதுகாப்பானது.

பூட்டு அறிக்கையை வாசித்தார். "மேற்படி அலுவலர் மேற்படி செய்தியைப் பதினொன்று பதின்மூன்றுக்குப் புரிந்துகொண்டார் என்பது, அவரே மறுக்க முடியாத வகையில் நிரூபிக்கப்பட்டுள்ளது."

"நான் படிக்கவே இல்லை சார்" என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

பொறியாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படிச் சொல்ல முடியாது சார். உங்க சாவியில கையெழுத்தாகியிருக்கு. நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. அதை இனிமே யாராலயும் மாத்த முடியாது."

வீட்டில் அத்தான் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். துணி மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மாப்ள, நீ அன்னைக்குத் தலையை ஆட்டாம நின்னிருந்தா போதும். வேற எதுவும் நான் கேக்கலை."

புரிந்த பிறகு எத்தனை நேரத்துக்குள் செயல்பட வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. எனவே விதி எதுவும் மீறப்படவில்லை என்று விசாரணை முடிந்தது. மறுமாதம் தச்சர் வந்து அந்த ஓரடி இடைவெளியை அடைத்தார். விசிறி அந்தப் பக்கம் போய்விட்டது.

மருத்துவமனை வேலை வேறொரு சலவைக்கூடத்துக்குப் போனது. அத்தான் ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டுப் பாய்லரை விற்றார். இப்போது அந்த வேறொரு சலவைக்கூடத்தில் ட்ரையர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அச்சகக்காரர் கண் அறுவை செய்துகொண்டு நலமாக இருக்கிறார். அவருடைய காலிக் கடைக்கு எரிவாயு இணைப்பு பதினொரு மாதம் தடையில்லாமல் இருந்தது. அக்காவுக்குக் குரல் உயர்த்தியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் வேலையை விட்டு, இன்னொரு விற்பனை நிறுவனத்தில் சேர்ந்து, நகரத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கிறாள். மேலாளருக்குப் பதவி உயர்வு. பூட்டு ஓய்வுபெற்றார், இழுப்பறையைத் திறக்க ஆள் அழைக்க வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு செய்தியையும் படித்த பிறகே பதில் அனுப்பத் தொடங்கினேன். மூன்று வாரம் என் கட்டம் சிவப்பாக இருந்தது, பிறகு என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பழைய மீட்டர்களின் எண்களை எழுதிவைக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். மாடி அறையில்தான் இன்னமும் இருக்கிறேன். அத்தான் என்னிடம் எது கேட்டாலும் வாயால் பதில் சொல்லச் சொல்கிறார்.